தூங்கிப்போன டாக்டரை வில்லியாக்கியவர்களுக்கு

இரவு ஒன்பது மணி மருத்துவத் தொடரின் கதைப் பிரிவினருக்கும், வசனகர்த்தாவுக்கும், அதை ஒளிபரப்பும் தொலைக்காட்சியின் நிகழ்ச்சிப் பொறுப்பாளருக்கும்,

தொடரின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் அதுவும் உங்களுக்கு ஒரு விளம்பரம். எந்தக் காட்சி என்று சொன்னால் போதும், உங்களுக்குப் புரிந்துவிடும்.

ஆஸ்பத்திரி வார்டு. நடு ராத்திரி. அறுவைச் சிகிச்சைப் பயிற்சியில் இருக்கும் ஒரு பி.ஜி. பெண், அதாவது முதுநிலை மருத்துவ மாணவி, மேசைமேல் தலையைச் சாய்த்துத் தூங்குகிறாள். இரண்டு கட்டில் தள்ளி ஒரு பெரியவருக்கு மூச்சு வாங்குகிறது. மானிட்டர் அலறுகிறது. அவள் அசையவில்லை. கதாநாயகன் ஓடி வந்து பெரியவரின் நெஞ்சில் நாலு அழுத்து அழுத்துகிறார், அவர் கண் திறக்கிறார். மறுநாள் காலை ரவுண்ட்ஸில் சீஃப் டாக்டர் அத்தனை பேர் முன்னாலும் அந்தப் பெண்ணைக் கன்னத்தில் அறைகிறார். "தூங்கணும்னா வீட்டுக்குப் போ. இது உயிரைக் காப்பாத்துற இடம்!" அப்புறம் மூன்று முறை அவள் முகம், மூன்று முறை அவர் முகம், தொடரும்.

அந்த வாரத்திலிருந்து அவள்தான் உங்கள் வில்லி.

நான் வட சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையில் எம்.எஸ். பொது அறுவைச் சிகிச்சை மூன்றாமாண்டு படிக்கிறேன். பிறந்து வளர்ந்தது தண்டையார்பேட்டை. மருத்துவமனையின் பெயரையும் என் பெயரையும் விட்டுவிட்டேன். மெமோவுக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்க எனக்கு நேரமில்லை. ஏன் நேரமில்லை என்பதுதான் இந்தக் கடிதமே.

உங்கள் காட்சி வந்து ஒன்பது நாள் கழித்து எங்கள் யூனிட்டுக்கு அட்மிஷன் டே. அட்மிஷன் டே என்றால் என்னவென்று உங்கள் தொடரில் இதுவரை யாரும் சொன்னதில்லை, அதனால் நான் சொல்கிறேன். அறுவைச் சிகிச்சைத் துறை பல யூனிட்டுகளாகப் பிரிந்திருக்கும். வாரத்தில் ஒரு நாள் ஒரு யூனிட்டின் முறை. அன்று காலையிலிருந்து மறுநாள் காலை வரை வாசலில் வந்து இறங்கும் அத்தனை வயிற்றுவலியும், அத்தனை காயமும், அத்தனை சீழ்க்கட்டியும் அந்த யூனிட்டின் பாடு. மறுநாள் காலையோடு விட்டதா என்றால் இல்லை. ராத்திரி சேர்த்தவர்களை சீஃப்புக்குக் காட்ட வேண்டும், ஸ்கேனுக்கு அனுப்ப வேண்டும், ரத்தம் ஏற்பாடு செய்ய வேண்டும், டிரெஸ்ஸிங் மாற்ற வேண்டும். வியாழன் காலை ஏழு மணிக்கு உள்ளே போனால் வெளியே வர வெள்ளி மாலை ஆறு, ஏழு ஆகிவிடும். 35, 36 மணி நேரம்.

அந்த வியாழன் ராத்திரி ஒரு மணிக்கு எண்ணூர் பக்கத்திலிருந்து சர்க்கரை நோயாளி ஒருவரைக் கொண்டு வந்தார்கள். வலது காலில் புண். சுற்றியிருந்த துணியை அவிழ்த்தால் புழு. டர்பன்டைன் எண்ணெயை ஊற்றிவிட்டுக் காத்திருந்தால் மூச்சு முட்டி ஒவ்வொன்றாக மேலே வரும், ஃபோர்செப்ஸால் எடுத்துக் கிண்ணத்தில் போட வேண்டும். நாற்றத்துக்கு மாஸ்க் எல்லாம் ஒரு தடையே இல்லை. என் ஜூனியர், முதலாமாண்டு பி.ஜி., குனிந்தபடியே 43 புழுக்களை எடுத்தாள். எதற்கு எண்ணினாய் என்று கேட்டேன். "எண்ணலன்னா தூங்கிடுவேன்க்கா" என்றாள்.

இதை உங்கள் தொடரில் காட்ட முடியாது, தெரியும். ஒன்பது மணி என்பது சாப்பாட்டு நேரம்.

அதற்குப் பிறகு அவள் ஒரு சீழ்க்கட்டியைக் கீறி வடித்தாள். மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கும்போது விரல் நசுங்கிய ஒருவருக்குக் கட்டுப்போட்டு அனுப்பினாள். ஏழெட்டுப் பேருக்கு ரத்தம் எடுத்தாள். விடியற்காலை 5:10க்கு கேஸ் ஷீட் எழுத உட்கார்ந்தவள் அப்படியே மேசைமேல் சாய்ந்துவிட்டாள். ஒரு நோயாளிக்குத் துணையாக இருந்தவர் மொபைலில் படம் எடுத்தார். பத்து மணிக்குள் அந்தப் படம் ஏரியா வாட்ஸ்அப் குழுக்களை ஒரு சுற்று சுற்றிவிட்டது. படத்துக்கு அடியில் உங்கள் வசனம், ஓர் எழுத்து மாறாமல்.

மதியம் அவளிடம் எழுத்துப்பூர்வமாக விளக்கம் கேட்டார்கள். ராத்திரி விருதுநகர் பக்கத்து ஊரிலிருந்து அவள் அம்மா போன் செய்து, "டூட்டியில தூங்கிட்டியாமே பாப்பா?" என்று கேட்டிருக்கிறார்.

அவள் தலைக்கு அடியில் இருந்த கேஸ் ஷீட்டை நான் எடுத்துப் பார்த்தேன். 'பேஷன்ட் கான்ஷியஸ், ஓரியன்' என்பது வரை எழுத்து இருக்கிறது. அதற்கு மேல் பேனா தாளின் ஓரம் வரை ஒரே கோடாக இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. நோயாளி நினைவோடு இருக்கிறார் என்று எழுதிக்கொண்டிருக்கும்போதே டாக்டருக்கு நினைவு தப்பியிருக்கிறது. விளக்கக் கடிதத்தோடு அந்தத் தாளின் நகலையும் வைக்கச் சொன்னேன். வேண்டாம் என்றுவிட்டாள்.

படம் எடுத்தவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. கொருக்குப்பேட்டையில் ஆட்டோ ஓட்டுகிறவர். மூன்றாம் நாள் டீயும் பன்னும் வாங்கிக்கொண்டு வார்டு வாசலில் வந்து நின்றார். "நான் கெட்ட எண்ணத்துல போடல மேடம். சீரியல்ல அந்த மாதிரி வந்துச்சேன்னு போட்டேன். நானே நைட்டு ஸ்டாண்டுல வண்டிக்குள்ளதான் மேடம் தூங்குறேன்." ராத்திரி உழைக்கிறவனின் தூக்கம் அவருக்குத் தெரியாததில்லை. ஒரு டாக்டரின் தூக்கத்தை எப்படிப் பார்க்க வேண்டும் என்று நீங்கள் அவருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டீர்கள்.

என் அம்மா உங்கள் ரசிகை. நானும் வீட்டில் இருக்கும் நாட்களில் கூட உட்கார்ந்து பார்ப்பேன். "அந்தப் பொண்ணு மட்டும் எப்டிடி தலைகூட கலையாம ஆபரேஷன் பண்ணுது?" என்று அம்மா கேட்பார். மூக்குக்குக் கீழே தொங்கும் மாஸ்க்கையும், தொப்பிக்கு வெளியே தொங்கும் கூந்தலையும், கோடு நேராகிப்போன இதயத்துக்கு ஷாக் கொடுப்பதையும் பார்த்து நாங்கள் ஹாஸ்டலில் சிரித்துவிட்டுப் போய்விடுவோம். (நேர்க்கோட்டுக்கு ஷாக் கொடுப்பதில்லை. நெஞ்சை அழுத்திக்கொண்டே மருந்து போடுவார்கள்.) அதற்கெல்லாம் யாரும் மடல் எழுத மாட்டார்கள். போலீஸ் தொடரைப் பார்த்துப் போலீஸ்காரரும், கோர்ட் தொடரைப் பார்த்து வக்கீலும் இப்படித்தான் சிரிப்பார்கள்.

அந்தத் தூக்கக் காட்சியை அப்படிச் சிரித்துவிட்டு விட முடியவில்லை. அந்தப் பெண் எத்தனை மணி நேரமாக டியூட்டியில் இருந்தாள் என்று உங்கள் கதையில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. சீஃப் கேட்கவில்லை, கதாநாயகன் கேட்கவில்லை, பெரியவரின் மகளும் கேட்கவில்லை. அதே தொடரில் முதல் மாதம் கதாநாயகன், "நான் தூங்கி மூணு நாள் ஆச்சு" என்று சொன்னபோது நீங்கள் புல்லாங்குழல் போட்டீர்கள். அவர் தூங்காதது தியாகம், இவள் தூங்கியது பாவம்.

சரி, தூங்காத டாக்டர் யார் என்று பார்ப்போம். 1997இல் நேச்சர் இதழில் டாசன், ரீட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எழுதினார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கையும் கவனமும் ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்குத் தடுமாறும். 24 மணி நேரம் ஆனால் 0.10 சதவீதம் இருப்பவரைப் போல. இந்தியாவில் வண்டி ஓட்ட அனுமதிக்கப்பட்ட அளவு 0.03. உங்கள் கதாநாயகன் மூன்று நாள் தூங்காமல் வயிற்றைத் திறக்கிறார். தண்ணியடித்துவிட்டுத் திறந்தார் என்று காட்டியிருந்தால் ஊரே கொதித்திருக்கும்.

போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை, 37 மணி நேரம் முடித்துவிட்டு ராத்திரி ஸ்கூட்டியில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். மின்ட் பக்கத்தில் போலீஸ் மறித்து ஊதச் சொன்னார்கள். ஊதினேன். பூஜ்யம். "போம்மா, போம்மா" என்றார். அடுத்த சிக்னலில் சிவப்பு விழுந்தது தெரியும். பின்னாலிருந்து கன்டெய்னர் லாரிக்காரர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்ததுதான் அதற்கு அடுத்த நினைவு. பச்சை எத்தனை முறை வந்து போனதோ தெரியாது. நல்லவேளை, அவர் தூங்கவில்லை. அன்றிலிருந்து டியூட்டி முடிந்தால் ஸ்கூட்டியை அங்கேயே விட்டுவிட்டு ஷேர் ஆட்டோதான்.

இந்தத் தூங்கா வழக்கம் ஆகாயத்திலிருந்து விழவில்லை. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் 1889 முதல் வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற சர்ஜன் அமைத்த பயிற்சி முறையின் வழி வந்தது இது. பயிற்சி டாக்டர் மருத்துவமனையிலேயே குடியிருக்க வேண்டும், அதனால்தான் 'ரெசிடென்ட்' என்ற பெயரே. ஹால்ஸ்டெட் பெரிய மேதை. மயக்க மருந்துச் சோதனைகளில் தன் உடம்பிலேயே கொக்கெய்ன் ஏற்றிப் பார்த்து அதற்கு அடிமையானவரும்கூட. அவர் போட்ட தடத்தில்தான் உலகம் முழுக்க அறுவைச் சிகிச்சை மாணவர்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறோம்.

1984இல் நியூயார்க்கில் லிபி ஸியான் என்ற 18 வயதுப் பெண் மருத்துவமனையில் சேர்ந்த சில மணி நேரத்தில் இறந்துபோனார். பயிற்சி டாக்டர்களின் வேலை நேரமும் மேற்பார்வைக் குறைவும் அதில் கேள்விக்கு வந்தன. அவருடைய அப்பா பத்திரிகையாளர். விடவில்லை. அந்த மாநிலத்தில் 1989 முதல் வாரத்துக்கு 80 மணி நேரம் என்று வரம்பு வந்தது, 2003இல் அமெரிக்கா முழுவதற்கும் வந்தது. நம் ஊரில் அதற்கும் முன்னாலேயே, 1992இல், மத்திய சுகாதார அமைச்சகத்தின் ரெசிடென்சி வழிகாட்டுதல் ஒரு நாளைக்குத் தொடர்ந்து 12 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று சொன்னது. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023ஆம் ஆண்டு முதுநிலை விதிகளோ 'நியாயமான வேலை நேரம்' என்கின்றன. எண் இல்லை. ஆணையத்தின் மனநலப் பணிக்குழு 2024இல் வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், தினம் ஏழெட்டு மணி நேரம் தூங்க விடுங்கள் என்று பரிந்துரைத்தது. வியாழன், வெள்ளி இரண்டு நாளிலேயே நான் அதில் பாதியைத் தின்றுவிடுகிறேன். மீதி நான்கு நாட்களும் ஓ.பி.யும், ஆபரேஷன் தியேட்டரும், வார்டும் இருக்கின்றன.

அதே 2024 ஆகஸ்டில் கொல்கத்தாவில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும், உங்கள் செய்திப் பிரிவு பத்து நாள் அதைத்தான் காட்டியது. நீண்ட டியூட்டிக்கு நடுவே கொஞ்சம் கண்ணயர செமினார் ஹாலுக்குப் போன முதுநிலை மாணவி அங்கேயே பாலியல் வன்கொடுமை செய்து கொல்லப்பட்டார். அவருக்குத் தூங்க ஓர் அறை இருந்திருக்க வேண்டும். எங்கள் வார்டிலும் பெண் பி.ஜி.க்களுக்குத் தாழ்ப்பாள் ஒழுங்காக விழும் ஓய்வறை கிடையாது. அதனால்தான் என் ஜூனியர் நர்ஸ் மேசையில், எல்லாரும் பார்க்கும் வெளிச்சத்தில் தூங்கினாள். அது அலட்சியத்தால் இல்லை. எங்களுக்கு அந்த இடம்தான் பத்திரம்.

இன்னொன்று, உங்கள் மானிட்டர். எங்கள் ஜெனரல் வார்டில் கட்டிலுக்கு ஒரு மானிட்டர் கிடையாது. அந்த வேலையைச் செய்வது நாங்களும் ஸ்டாஃப் நர்ஸும்தான். தோளில் பி.பி. மெஷினைப் போட்டுக்கொண்டு மணிக்கு ஒரு முறை சுற்றி சார்ட்டில் எழுதுவோம். ஒரு ராத்திரி ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளிகள் என்று உங்கள் எழுத்தாளர் ஒரு முறை வந்து எண்ணிப் பார்க்கட்டும். உங்கள் வார்டில் நர்ஸ்கள் அழகாக டிரே ஏந்தி நடக்கிறார்கள், அவ்வளவுதான். அன்று விடியற்காலை என் ஜூனியர் சாய்ந்ததும் அவளுடைய அடுத்த சுற்றை மூச்சுக் காட்டாமல் எடுத்துச் செய்தது 50 வயது ஸ்டாஃப் நர்ஸ் ஒருவர். படத்தில் அவர் இல்லை.

அடுத்தது அவசரம். உங்கள் தொடரில் ஸ்ட்ரெச்சர் வாசலில் நுழைந்தால் நேராகத் தியேட்டருக்குத்தான் ஓடுகிறது. இதில் நீங்கள் தனி இல்லை. அமெரிக்காவின் புகழ்பெற்ற கிரேஸ் அனாடமி தொடரில் வந்த 290 விபத்து நோயாளிகளை, அந்நாட்டுத் தேசியப் பதிவேட்டில் உள்ள 4,812 நிஜ நோயாளிகளோடு ஒப்பிட்டு 2018இல் ஓர் ஆய்வு வந்தது. தொடரில் 71 சதவீதம் பேர் எமர்ஜென்சியிலிருந்து நேரே ஆபரேஷனுக்குப் போனார்கள், நிஜத்தில் 25. தொடரில் செத்தவர்கள் 22 சதவீதம், நிஜத்தில் 7. பலத்த காயம் பட்டுப் பிழைத்தவர்களில் பாதிப்பேர் தொடரில் ஒரே வாரத்துக்குள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். நிஜத்தில் ஐந்தில் ஒருவர்தான். நெஞ்சை அழுத்தி எழுப்புவதும் அப்படித்தான். 1996இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஆய்வில், தொலைக்காட்சியில் அப்படி அழுத்தப்பட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்த நேரத்துக்குப் பிழைத்துக்கொண்டார்கள். நிஜத்தில் பலர் பிழைப்பதில்லை. பிழைக்காத ஒவ்வொருவரின் வீட்டாரிடமும் போய்ச் சொல்ல வேண்டியது ராத்திரி இரண்டு மணிக்கு நாங்கள்தான். "அழுத்துனா எந்திரிச்சிருவாங்களே, நீங்க ஏன் நிறுத்துனீங்க?" என்று என் கோட்டைப் பிடித்துக்கொண்ட ஒரு பெண்ணின் முகம் எனக்கு மறக்கவில்லை.

குடல் ஓட்டையோடு வந்த ஒருவரின் தம்பி என்னைப் பார்த்துக் கத்தியது இது: "இன்னாமா டாக்டரு, வந்து ரெண்டு அவர் ஆச்சு, இன்னும் கையெழுத்து வாங்கினே கீற. டிவில பாக்கறோம்ல, வந்ததும் தள்ளினு ஓடறாங்க." அந்த இரண்டு மணி நேரத்தில் நாங்கள் சும்மா இல்லை. மூக்கு வழியே ரைல்ஸ் டியூப் போட்டு வயிற்றைக் காலி செய்தோம், சிறுநீருக்குக் குழாய் போட்டோம், பாட்டில் பாட்டிலாக டிரிப் ஏற்றினோம், ஆன்டிபயாட்டிக் போட்டோம், எக்ஸ்ரேயில் குடல் ஓட்டைக்கு அடையாளமாக உதரவிதானத்துக்குக் கீழே காற்று நிற்பதைப் பார்த்தோம், மயக்க டாக்டரை எழுப்பினோம். காய்ந்துபோன உடம்போடு, பி.பி. இறங்கிக் கிடக்கிறவரை அப்படியே மேசையில் ஏற்றினால் மயக்க மருந்திலேயே போய்விடுவார். அந்தத் தம்பிக்கு இது தெரிய வேண்டிய அவசியம் இல்லை. உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். அண்ணன் ஒன்பதாம் நாள் நடந்து வீட்டுக்குப் போனார். தம்பி என்னிடம் பேசவில்லை, பரவாயில்லை.

பயிற்சி என்பது என்ன என்றும் சொல்லிவிடுகிறேன். உங்கள் நாயகன் சேர்ந்த முதல் வாரமே மூளையைத் திறந்தார். நான் முதல் வருடம் திறந்தது பெரும்பாலும் டிரெஸ்ஸிங் கட்டுகளை. தியேட்டரில் என் வேலை, கீறிய இடத்தை விலக்கி வைக்கும் ரிட்ராக்டரைப் பிடித்து இழுத்துக்கொண்டு நிற்பது. இரண்டு மணி நேரம் அசையாமல் பிடித்தால் தோள்பட்டை மரத்துப்போகும், சீஃப்பின் முதுகு மறைப்பதால் உள்ளே என்ன நடக்கிறது என்றும் தெரியாது. முடிச்சுப் போட வீட்டில் பழகினேன். எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியில் கறுப்பு நூல் முடிச்சுகள் வரிசையாக இன்னும் இருக்கின்றன, அம்மா அவிழ்க்க விடவில்லை. முதல் அப்பெண்டிக்ஸ் கிடைத்தது இரண்டாம் வருடம், விடியற்காலை மூன்றரை மணிக்கு. எதிரே நின்ற அசிஸ்டென்ட் புரொஃபசர் ஒரு வார்த்தை பேசவில்லை, நான் தப்பாகக் கை வைக்கும்போதெல்லாம் ஃபோர்செப்ஸால் என் விரல் மேல் ஒரு தட்டு. ரத்தக் குழாயில் போட்ட முடிச்சு நழுவியது. அவர் விரலால் அழுத்திக்கொண்டு, "மறுபடி போடு" என்றார். மறுபடி போட்டேன். அந்த இரண்டு சொல்லில் இருக்கிற நாடகத்தை உங்கள் மூன்று முறை முகத்தில் நான் பார்த்ததில்லை.

இப்போது கன்னத்தில் விழுந்த அந்த அறை. என்னைப் பலர் திட்டியிருக்கிறார்கள், தியேட்டரைவிட்டு வெளியே போகச் சொல்லியிருக்கிறார்கள், ஒரு முறை கேஸ் ஷீட் பறந்திருக்கிறது. அதையெல்லாம் நீங்கள் காட்டலாம், உண்மைதான். ஆனால் அறைவதை நீதியாகக் காட்டாதீர்கள். டாக்டரை அறையலாம் என்று உங்கள் தொடரில் தெரிந்துகொண்டவர் அடுத்து அறையப் போவது எங்களைத்தான். மருத்துவப் பணியாளர்களைத் தாக்கினால் தண்டிக்க 2008இலிருந்து தமிழ்நாட்டில் தனிச் சட்டமே இருக்கிறது. அது இருக்கும்போதுதான் 2024 நவம்பரில் கிண்டி அரசு மருத்துவமனையில் ஒரு புற்றுநோய் மருத்துவருக்குக் கத்திக்குத்து விழுந்தது.

கத்தி என்றதும் நினைவுக்கு வருகிறது. உங்கள் தொடரில் வட சென்னை ஆள் என்றால் குடலைப் பிடித்துக்கொண்டு வருவார், பின்னாலேயே நாலு பேர் அரிவாளோடு வருவார்கள். நான் சொன்ன அந்த வியாழன் ராத்திரி முழுக்க ஒரு கத்திக்குத்துகூட வரவில்லை. வந்ததெல்லாம் சர்க்கரைப் புண், ஹெர்னியா, லாரியில் மோதிய பையன், மெஷினில் மாட்டிய விரல். மெஷினில் மாட்டிய கைகளுக்காகவே 1971இல் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் டாக்டர் ஆர். வெங்கடசாமி தொடங்கிய கை அறுவைச் சிகிச்சைப் பிரிவு நாடறிந்தது. அதை வைத்து ஒரு தொடர் எடுக்க ஏன் இதுவரை யாருக்கும் தோன்றவில்லை?

நீங்கள் சொல்லப்போகும் பதில் எனக்குத் தெரியும். "இது கதைதான் மேடம், யதார்த்தமா எடுத்தா டி.ஆர்.பி. வராது." 2025இல் வந்த தி பிட் என்ற அமெரிக்கத் தொடரைப் பாருங்கள். எமர்ஜென்சி பிரிவின் ஒரே ஷிஃப்ட், 15 அத்தியாயம், அத்தியாயத்துக்கு ஒரு மணி நேரம். டாக்டர்கள் சோர்ந்துபோகிறார்கள், காத்திருப்பு அறை நிரம்பி வழிகிறது. அந்த வருடம் சிறந்த டிராமா தொடருக்கான எம்மி விருது அதற்குத்தான் போனது. களைப்பைக் காட்டினால் ஆள் பார்க்க மாட்டார்கள் என்பது உங்கள் பயம்தான்.

2015இல் மெக்சிகோவில் இதே கதை நடந்தது. ராத்திரி டியூட்டியில் மேசைமேல் தூங்கிப்போன ஒரு ரெசிடென்ட் டாக்டரின் படத்தை ஒரு வலைப்பதிவர் போட்டுத் திட்டினார். உடனே லத்தீன் அமெரிக்க நாடுகள் பலவற்றின் டாக்டர்கள் தாங்கள் தூங்கிய படங்களைத் தாங்களே போட்டார்கள், 'நானும் தூங்கிப்போனேன்' என்று எழுதி. என் பேட்ச்காரர்களிடமும் நிறையப் படங்கள் இருக்கின்றன. ஸ்ட்ரெச்சரில், லிஃப்ட் ஓரத்தில், தியேட்டர் ஸ்டூலில், கையில் கடித்த பன்னோடு. இப்போதைக்கு அவற்றைப் போட வேண்டாம் என்று நான்தான் சொல்லி வைத்திருக்கிறேன்.

எங்களுக்கு வேண்டியவை இவை.

அந்தக் காட்சியின் துண்டை உங்கள் யூடியூப் பக்கத்திலிருந்தும் ரீல்ஸிலிருந்தும் எடுத்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் ஓடுவதை உங்களால் நிறுத்த முடியாது, ஊற்றை அடைக்க முடியும். மறு ஒளிபரப்பில் அந்த அறையும் வசனமும் இருக்கக் கூடாது.

அந்தப் பாத்திரத்தை வில்லியாகவே வைத்துக்கொள்ளுங்கள், அது உங்கள் உரிமை. ஆனால் அவள் அன்று எத்தனையாவது மணி நேரத்தில் தூங்கினாள் என்பதை வரும் அத்தியாயங்களில் ஒரு பாத்திரமாவது வாய்விட்டுக் கேட்கட்டும். டியூட்டி ரோஸ்டர் என்று ஒரு தாள் இருப்பதைக் காட்டுங்கள். அதில் கையெழுத்துப் போடுவது யார் என்பதையும் காட்டுங்கள்.

உங்கள் டைட்டில் கார்டில் மருத்துவ ஆலோசகர் என்று ஒரு பெரிய டாக்டரின் பெயர் வருகிறது. அவர் கடைசியாக ராத்திரி டியூட்டி பார்த்து எத்தனை வருடம் ஆகியிருக்கும்? அவர் இருக்கட்டும். கூடவே இப்போது படித்துக்கொண்டிருக்கும் ஒரு பி.ஜி.யிடமும் ஒரு ஸ்டாஃப் நர்ஸிடமும் வசனத் தாளைப் படமெடுக்கும் முன்னால் கொடுங்கள். பணம் வேண்டாம். என் வார விடுமுறையில் நானே படித்துத் தருகிறேன், அது கிடைக்கிற வாரத்தில்.

2021இல் திருத்தப்பட்ட கேபிள் தொலைக்காட்சி விதிகளின்படி பார்வையாளரின் புகாருக்கு ஒளிபரப்பாளர் 15 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். இதையே முறையான புகாராக உங்கள் குறைதீர்ப்பு அலுவலருக்கும் பெயர், முகவரியோடு அனுப்பியிருக்கிறேன். எழுத்தில் பதில் வேண்டும். என் ஜூனியர் அதைத் தன் விளக்கக் கடிதத்தோடு சேர்த்து வைப்பாள்.

கடைசியாக ஒன்று. உங்கள் வசனகர்த்தா ஒரே ஒருவர் வரட்டும். கேமரா வேண்டாம், நோயாளிகள் இருக்கிறார்கள். முறையான அனுமதிக்கு நான் எழுதிக் கேட்கிறேன். வியாழன் காலை ஏழு மணிக்கு வார்டு வாசலில் வந்து நின்று, வெள்ளி மாலை நாங்கள் போகும்வரை எங்களோடு இருக்க வேண்டும். இடையில் தூக்கம் வந்தால் நர்ஸ் மேசைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி இருக்கிறது. யாரும் படம் எடுக்காமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மூன்றாமாண்டு எம்.எஸ். மாணவி,
தண்டையார்பேட்டை, சென்னை